கண் பின்னர் திறக்கப்படும்

எங்கள் ஊர் மாதர் நற்பணி மன்றத்துக்கு ஏழைகள் மேல் இரக்கம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிறையவே இருந்தது. ஒலிபெருக்கி வைத்தால்தான் அது வெளியே வரும், அவ்வளவுதான்.

1958ஆம் வருடம் ஜனவரி மாதம் அப்படி ஒருமுறை வெளியே வந்தது. நத்தம் சாலையில் இருந்த அனாதைப் பிள்ளைகள் விடுதியின் கீற்றுக் கூரை, தீபாவளி வெடி விழுந்து எரிந்து போயிருந்தது. நாற்பது பிள்ளைகளும் மூன்று மாதமாகப் பக்கத்துத் தோப்பில் மாங்காய் குவிக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார்கள். விடுதிக்கு ஓடு போட்டுத் தருவதாக மன்றத்தின் தலைவி திருமதி சண்முகவள்ளி பொன்னுத்துரை அறிவித்தார். அவர் கணவருக்கு ஊருக்குள் புகையிலை அடுக்கி வைக்க மூன்று கிட்டங்கிகள். அதில் ஒன்றின் கூரைச் செலவில் விடுதிக்கு இரண்டு கூரை போடலாம். ஆனால் அப்படிச் சும்மா கொடுத்துவிட்டால் வரவேற்புரை ஏது, நன்றியுரை ஏது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரிப்பன் வெட்டுவதுதான் ஏது? ஆகவே ஓவியக் கண்காட்சி வைத்துப் படங்களை விற்பது என்று தீர்மானமாயிற்று.

ஓவியர் கஸ்பார். பையன்கள் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். சென்னையில் ஆறு வருடம் ஓவியம் படித்தவர். அந்த ஆறு வருடத்தையும் தினம் ஒருமுறையாவது பேச்சில் கொண்டு வந்துவிடுவார். நான் சகாயராணி, பெண்கள் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இந்தக் கஸ்பாரைத்தான் கட்டிக்கொள்வது என்று ஒரு வருடமாகப் பிடிவாதமாக இருந்தேன். ஏன் என்று இன்று கேட்டால், அவர் சிரித்தால் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

என் அப்பா சூசைமாணிக்கம் பேண்டு மாஸ்டர். கோவில் திருவிழா, கல்யாணம், அடக்கம் எதுவானாலும் திண்டுக்கல்லைச் சுற்றிப் பத்து மைலுக்கு அவருடைய கிளாரினெட்டுதான் முன்னால் போகும். டிராயிங் மாஸ்டரை அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. "கோடு கிழிக்கிறதுக்கு ஆறு வருசமா?" என்று கேட்டுவிட்டு, பொன்மலை ரயில்வே குமாஸ்தா ஒருவனைப் பற்றி அத்தை எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு கஸ்பார் தன் ஒன்பது படங்களில் ஒன்றாக அப்பாவையே வரைய ஆரம்பித்தார். ஆயில் பெயின்டில், ஆள் உயரத்துக்கு. அந்த வாரத்திலேயே அப்பா மனம் மாறிவிட்டது. என் படிப்பும் குணமும் அழுகையும் செய்யாததை நாலு முழம் துணி செய்தது. எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளின் அறிவு அவ்வளவுதான்.

ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு கோவிலில் வாசித்த பிறகுதான் எங்களில் கல்யாணம் நடக்கும். பிப்ரவரி நடுவில் தபசு காலம் பிறந்துவிடும்; அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. அந்த ஞாயிறு தவறினால் இரண்டு மாதம். அதற்குள் பொன்மலையிலிருந்து அத்தை குமாஸ்தாவோடு வந்து இறங்கிவிடுவாள். கண்காட்சி 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை மன்றத்து மண்டபத்தில் தொடங்கியது.

படங்களை நான் முந்தின நாள்தான் பார்த்தேன். அம்மா இஞ்ஞாசியம்மாளும் நானும் கஸ்பாரின் அறைக்குப் போயிருந்தோம். 'இசையில் கரைந்தோர்' என்று பெயர் வைத்திருந்தார். ஒன்பது பேரும் கரைந்துதான் போயிருந்தார்கள். செம்பட்டி நாதஸ்வரம் சோலைமுத்து, உறுமி ஆண்டிச்சாமி, எங்கள் அப்பா, இன்னும் ஆறு பேர். எல்லோரும் கஸ்பாரின் அதே பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, வாத்தியத்தை மார்போடு வைத்து, முகத்தைச் சற்றே தூக்கி, கண்களை மூடியிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் ஒன்பது பேரும்.

அம்மா படத்தை நெருங்கிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இவரு தூங்கிட்டாருல்ல?"

"தூக்கமில்லைங்க அத்தை. லயம்."

"கொறட்டை கேட்டுச்சா?"

கஸ்பார் கொஞ்சம் தயங்கினார். "கடைசிக் கால் மணி நேரம் மட்டும்..."

"அப்பத் தூக்கந்தான்" என்றாள் அம்மா.

இசைக் கலைஞன் தன்னை மறக்கும்போது வெளி உலகத்தை நோக்கிய வாசல் அடைபட்டு உள் வாசல் திறக்கிறது என்று கஸ்பார் எங்களுக்கு விளக்கினார். சென்னையில் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அம்மா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், "பாவம், நல்ல பையன்" என்றாள்.

அந்தப் படங்கள் அப்படியே சுவரில் தொங்கியிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. நான்கு பேர் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைவி சண்முகவள்ளி அம்மாள் மண்டபத்துக்கு வந்து சுவர்களைப் பார்த்தார். மொட்டையாக இருப்பதாக அவருக்குப் பட்டது. திண்டுக்கல்லில் பூவுக்குப் பஞ்சமா? நிலக்கோட்டைச் சம்பங்கி கூடை கூடையாக வந்து இறங்கியது. கஸ்பார் வாசலில் சிறப்பு விருந்தாளியான மில் மானேஜரின் சம்சாரத்தை வரவேற்க நின்றிருந்த நேரத்தில் ஒன்பது படத்துக்கும் ஒன்பது மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஊதுபத்தி கொளுத்தி, நடுவில் குத்துவிளக்கும் ஏற்றி வைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மனிதனைக் கண் மூடிய கோலத்தில் படம் எடுப்பது ஒரே ஒரு தடவைதான். ஆள் போன பிறகு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு எடுப்போம். அப்படி ஒரு படம் இல்லாத வீடே இங்கே கிடையாது. மன்றத்துப் பெண்கள் பத்துப் பேர் வீட்டுக் கூடத்திலும் அது தொங்கியது. அந்தப் பத்துப் பேரில் ஒருத்திக்கும், தாங்கள் வரிசையாக மாலை போட்டுக்கொண்டு போவது எதற்கு என்று தோன்றவில்லை. விழா என்றால் மாலை. அதற்கு மேல் அவர்கள் யோசித்ததில்லை.

நான் நான்கரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு உள்ளே நுழைந்தபோது, விடுதிப் பிள்ளைகள் நாற்பது பேரும் வெயிலில் நின்று வரவேற்புப் பாட்டை இரண்டாம் முறையாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். முதல் முறை பாடியபோது மானேஜர் சம்சாரம் காரைவிட்டு இறங்கவில்லையாம். உள்ளே சந்தன வாசனையும் ஊதுபத்திப் புகையும். ஒன்பது சவங்கள் எங்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"கஸ்பார் எங்க?" என்று கேட்கக்கூட நேரமில்லை. அதற்குள் ராமுத்தாய் வந்துவிட்டாள்.

ராமுத்தாய், நாதஸ்வரம் சோலைமுத்துவின் மனைவி. செம்பட்டியிலிருந்து சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு வந்தவள், புருஷன் படம் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காலிக் கூடையோடு வந்திருந்தாள். சோலைமுத்து வேடசந்தூரில் ஒரு முகூர்த்தத்துக்கு வாசிக்கப் போய் இரண்டு நாளாகியும் திரும்பவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"அய்யோ ராசா! எனக்கு ஒரு சொல்லு சொல்லாம கொண்டாந்து உக்கார வச்சிட்டாகளே! வேடசந்தூரு போனவுக வீட்டுக்கு வரலையே!"

மாரில் அடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். நல்ல கனத்த குரல். மண்டபம் முழுவதும் கணீரென்று கேட்டது. மானேஜர் சம்சாரம் பம்பாய்ப் பக்கத்துக்காரி. தமிழ் அவ்வளவாகத் தெரியாது. தலைவியிடம் குனிந்து ஏதோ கேட்டாள். தலைவிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உடனே அந்த அம்மாள் முன்வரிசையிலிருந்து கை தட்டினாள். அவளைப் பார்த்து மன்றத்துப் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அப்பா வந்தார்.

முழு யூனிபாரம். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தோளில் தங்கச் சரிகை. பின்னால் பேண்டுக்காரர்கள் பதினோரு பேர். மாஸ்டர் படத்தைப் பார்க்க எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். படத்திலிருந்த சூசைமாணிக்கம் சந்தனப் பொட்டும் மாலையுமாகச் சாய்ந்திருந்தார். கீழே ராமுத்தாய் அழுதுகொண்டிருந்தாள். பேண்டு மட்டும்தான் குறை. அதையும் அவரே கொண்டு வந்திருந்தார்.

"யாரு போட்ட மாலை?" என்றார் அப்பா.

தலைவி முன்னால் வந்து கை கூப்பினார். "நாங்கதான் மாஸ்டர். எல்லாருக்கும் ஒரே மாதிரி பெரிய மாலையாத்தான் போட்டிருக்கோம். பாகுபாடு பாக்கல."

"அடக்கம் எத்தன மணிக்கு?"

"எதுங்க?"

"இல்ல, நேரத்தைச் சொன்னா நான் வாசிச்சிட்டே போயிருவேன். ஆளு கூட்டத் தேவையில்ல. எல்லாரும் வந்திருக்கோம்."

டிரம்பெட் வாசிக்கும் ஸ்தனிஸ்லாஸ் குபுக்கென்று சிரித்துவிட்டான். அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் கஸ்பார், விருந்தாளியின் காரை நிறுத்த இடம் காட்டிவிட்டு, தெருவிலிருந்து ஓடி வந்தார். மாலைகளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அந்த நேரத்தில், "மன்னிச்சிருங்க மாமா, தப்பாப் போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆறு வருடப் படிப்பு சும்மா இருக்குமா?

"மாமா, மாலைதான் தப்பு. கண் மூடியிருக்கிறது தப்பில்லை. அது உள் வாசல்..."

"டிராயிங் மாஸ்டர்" என்றார் அப்பா மெதுவாக. "எம் மகளுக்கு நான் உயிரோட இருந்து கலியாணம் பண்ணி வைக்கலாம்னு பாத்தேன். நீங்க அதுக்கு முந்திட்டீக. நாளைக்குச் சாமியாரைப் பாத்து ஓலைய நிறுத்திருறேன்."

ராமுத்தாயைச் சமாதானப்படுத்த எனக்கு அரை மணி நேரமாயிற்று. "உங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருப்பாரு, இது சும்மா படம்" என்றால், "சும்மா படத்துக்கு எதுக்குத்தா மாலை?" என்று கேட்டாள். அன்று ஒரு படமும் விற்கவில்லை. ஆண்டிச்சாமி படத்தை வாங்குவதாக முன்பே சொல்லி வைத்திருந்த மிட்டாய்க்கடைக்காரர்கூட, "இதைக் கொண்டுபோயி மாட்டுனா எங்க ஆத்தா வீட்டுக்குள்ளயே விடாது" என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினார்.

வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. அம்மா சோற்றையும் வெஞ்சனத்தையும் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அவன் வேணும்னு செய்யலைங்க."

"வேணும்னு செஞ்சா மன்னிச்சிரலாம் இஞ்ஞாசி. இவனுக்குத் தெரியல பாரு. அதான். கண்ண மூடுங்கன்னான். சரி, பெயின்டு கண்ணுல தெறிக்கும்போலன்னு மூடுனேன்."

நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்பா மேல் பாதி, அந்த மனுஷன் மேல் பாதி.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. காலை எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். மாலைகளைக் கழற்றி மூலையில் குவித்துவிட்டு, கஸ்பார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"உன் அப்பாவுக்குப் புரிய வைக்க முடியாதா சகாயம்?"

"என்னத்தைப் புரிய வைக்கச் சொல்றீக?"

"தலைவியம்மா ஒன்பது படத்துக்கும் கண்ணத் திறந்து விடச் சொல்றாங்க. 'ரெண்டு ரெண்டு முட்டை போடுங்க சார், வித்துரலாம்'ங்கிறாங்க. உன் அப்பாவும் அதையேதான் சொல்லுவாரு. நான் மாத்த மாட்டேன். ஒரு கலைஞன் தான் கண்ட உண்மையை..."

"எங்க கண்டீக?"

"என்ன?"

"எங்கப்பா கண்ண மூடி வாசிச்சத எங்க கண்டீக? திருவிழாவிலயா? கலியாணத்துலயா? அடக்கத்துலயா?"

அவர் மூலையில் கிடந்த மாலைக் குவியலைப் பார்த்தார்.

"எங்கப்பா பேண்டு முன்னால ஒரு நாளாவது நடந்திருக்கீகளா?"

"கூட்டத்துல எனக்குத் தலை வலிக்கும்."

"வாசிக்கிறதைப் பாக்காமலே வாசிக்கிறவரை வரைஞ்சீகளாக்கும். நாற்காலியில உக்காத்தி, கண்ண மூடச் சொன்னதும் நீங்க, மூடியிருக்குன்னு கண்டுபிடிச்சதும் நீங்க. இதுக்கு மெட்ராசு வரைக்கும் போய்ப் படிக்கணுமா? எங்க மூணாம் வகுப்புப் புள்ளைக ஆட்டைப் பாத்துட்டுத்தான் ஆடு போடும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் விடவில்லை.

"பதினோரு மணிக்கு மேட்டுப்பட்டியில ஒரு அடக்கம். அப்பா போறாரு. நானும் பொம்பளைகளோட போறேன். முடிஞ்சா வாங்க. தலை வலிச்சா இங்கயே உக்காந்து உள் வாசலைப் பாத்துட்டு இருங்க. ஆனா இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள அப்பா சாமியாரைப் பாக்கப் போயிருவாரு. அப்புறம் நான் பொன்மலைதான்."

அவர் வந்தார். கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக.

மேட்டுப்பட்டி வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மைல் இருக்கும். நான் அப்பாவோடு எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நானும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கிளாரினெட் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. கண்களுக்கு வேறு வேலை. பெட்டியைத் தூக்கியவர்கள் தோள் மாற்றும்போது ஒரு பார்வை. உடனே பாட்டு இழுத்து நிற்கும். இறந்தவரின் மூத்த மகன் தள்ளாடினான்; ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு பார்வை; டிரம்பெட் தணிந்தது. பாதையில் கிடந்த கல்லை வாசித்துக்கொண்டே காலால் ஒதுக்கினார், பின்னால் வருகிற பெரிய டிரம்காரனுக்குக் கீழே தெரியாது என்பதால். வழியில் ஒரு வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டிருந்தது. புருவத்தை ஒருமுறை தூக்கினார். பதினோரு பேரும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். பந்தல் தாண்டும் வரை வெறும் காலடிச் சத்தம். பிறகு மறுபடியும் புருவம்.

கஸ்பார் முதலில் ஓரமாக நடந்தார். பிறகு ஊர்வலத்துக்கு முன்னால் போனார். அப்புறம் அப்பாவின் முகம் தெரியவேண்டும் என்று பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்துவிட்டார், நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டு. எதிரே மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் சத்தம் போட்டான். கஸ்பார் காதில் விழவில்லை. ஒதுங்குவதாக நினைத்து நேரே பேண்டுக்குள் வந்து விழுந்தார். தாளம் ஒரு அடி தப்பியது.

அப்பா வாசிப்பை நிறுத்தவில்லை. கிளாரினெட் நுனிக்கு மேலே, ஓரக்கண்ணால், கஸ்பாரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு மனிதனைத் திட்டுவதற்கு மொழியில் இத்தனை சொற்கள் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றியது. கஸ்பார் சாக்கடை ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டார். ஊர்வலம் கடந்து போயிற்று. நான் அவரைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவமானப்பட்ட மனிதன் முகம் மாதிரி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்தில் கஸ்பார், அப்பா படத்தின் முன்னால் ஏணி போட்டு ஏறிவிட்டார். தலைவி சண்முகவள்ளி அம்மாள் அதைப் பார்த்ததும் பரவசமானார்.

"நான் நேத்தே சொன்னேன்ல? பொறுங்க, பொறுங்க! கண் திறப்புன்னா சும்மாவா? ஏலே, மணி எடுத்துட்டு வா! சூடம் இருக்கா பாரு! வெளியே மைக்குல சொல்லு, நாலு மணிக்குக் கண் திறப்பு விழான்னு!"

"அம்மா, இது கோவில் சிலை இல்லை" என்றார் கஸ்பார் ஏணியிலிருந்து.

"அதுக்கென்ன சார்? சனம் வரட்டும்."

சனம் வந்தது. நேற்று பயந்து ஓடிய அதே சனம். மணி அடித்தார்கள், சூடம் காட்டினார்கள். வேடசந்தூரிலிருந்து திரும்பிய சோலைமுத்துவும் ராமுத்தாயும் முன்னால் நின்றார்கள். நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அப்பாவிடம் என்ன சொன்னாளோ, அவரும் வந்துவிட்டார். சாமியார் வீட்டுக்குப் போகிற வழியில் செத்த நேரம் நிற்பதாக என்னிடம் சொன்னார். உள்ளே வராமல் கதவோரம் நின்றார்.

கஸ்பார் ஏணியை விட்டு இறங்கி விலகினார்.

படத்தில் உடம்பு அதே நாற்காலியில்தான் சாய்ந்திருந்தது. ஆனால் இரண்டு கண்களும் ஓரமாகத் திரும்பி, பார்க்கிறவனை அப்படியே சல்லிக்காசு பெறாதவனாக ஆக்கிவிடுகிற மாதிரி பார்த்தன. முன்வரிசையில் நின்றவர்கள் தங்களை அறியாமல் ஓரடி பின்னால் வைத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் மட்டும், "ஆத்தாடி! மாஸ்டரேதான்!" என்றான்.

அப்பா மெதுவாக நடந்து வந்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரைப் பாக்குறேன் இதுல?"

"என்னையத்தான் மாமா. காலையில."

"அம்புட்டுக் கேவலமாவா பாத்தேன்?"

"அதைவிட. கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

அப்பாவின் மீசை துடித்தது. கோபமா என்று பயந்துவிட்டேன். சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

"தாளம் தப்ப வச்சவனை வேற எப்படிப் பாக்குறது? இருபத்திரண்டு வருசத்துல ஒருத்தன் இந்த மாதிரி குறுக்க வந்து விழுந்ததில்ல." படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "வாசிக்கும்போது எனக்கு இப்பிடித்தான் இருக்கும்னு எனக்கே தெரியாதுப்பா. கண்ணாடியில பாத்ததில்லைல்ல."

"நேத்து வரைக்கும் நானும் பாத்ததில்லை மாமா. பாக்காமத்தான் போட்டேன். தப்பு."

ஆறு வருடப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அவரைப் பிடிவாதமாகக் காதலித்ததன் மேல் அந்த ஒரு நிமிஷத்தில்தான் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

"எனக்கும் தொறந்து விடுங்க தம்பி" என்றார் சோலைமுத்து. "கண்ண மூடிட்டு வாசிச்சா, ஐயரு கை தூக்குறது எப்பிடித் தெரியும்? நான் கெட்டிமேளம் எடுக்கறதுக்குள்ள தாலி கட்டி, பந்தி போட்டு, இலையும் எடுத்திருவாக."

"உங்க கச்சேரிக்கு நான் வந்து பாத்துட்டுத்தான் போடுவேன்" என்றார் கஸ்பார். "எட்டுப் பேருக்கும் அப்படித்தான்."

தலைவிக்கு அதுவரை பொறுமை இல்லை. விற்பனை அன்றைக்கும் மறுநாளும்தான். அவர் யோசித்தது அரை நிமிஷம்கூட இருக்காது. மற்ற எட்டுப் படங்களின் அடியிலும் ஒரு அட்டை தொங்கியது: 'கண் பின்னர் திறக்கப்படும்.' நம்புவீர்களோ மாட்டீர்களோ, எட்டும் அன்று மாலைக்குள் விற்றுப் போயின. உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் முன்பணம் கொடுத்துக் கண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.

அப்பா படத்தைத் தலைவியின் கணவர் பொன்னுத்துரை முதலாளியே வாங்கினார். கலை ரசனையா என்று நான் ஒரு நொடி மயங்கினேன். அவர் படத்துக்கு எதிரே இடமும் வலமும் நடந்து பார்த்துவிட்டு, "எங்குட்டுப் போனாலும் பாக்குதுல்ல? கிட்டங்கியில தராசுக்கு மேல மாட்டிரணும். பயலுக ஒருத்தனும் புகையிலையில கை வைக்க மாட்டான்" என்றார். தலைவி பெருமையோடு எங்களைப் பார்த்தார். மன்றத்தின் சேவை அன்று கலையையும் உயர்த்திவிட்டதல்லவா!

விடுதிக்கு ஆடி மாதத்துக்குள் ஓடு போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் நனையவில்லை. அந்த ஒன்றுக்காக மன்றத்தின் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

அப்பா மண்டபத்தைவிட்டு நேரே சாமியார் வீட்டுக்குப் போனார். என்ன சொன்னார் என்று வந்து சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, "பேசிட்டு வாரேன்னு போனேன், பேசிட்டு வந்துட்டேன்" என்றார்.

ஞாயிறு காலைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஒரு தாளை எடுத்தார். சூசைமாணிக்கம், இஞ்ஞாசியம்மாள் இவர்களின் மகள் சகாயராணிக்கும் என்று ஆரம்பித்ததும் என் காது அடைத்துக்கொண்டது. யாருக்கு என்பது கேட்கவில்லை. பொன்மலைக் குமாஸ்தா பெயராக இருந்துவிட்டால்? அம்மா என் கையைக் கிள்ளினாள். திரும்பினேன். முந்தானைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோவிலுக்கு வெளியே கஸ்பார் புதுச் சட்டையில் நின்றிருந்தார். அப்பா கிட்டே போனார்.

"மாப்ளே. ஈஸ்டர் சப்பரத்துக்குப் பெரிய டிரம்காரன் ஊருல இருக்க மாட்டான். நாளை சாயங்காலத்துலருந்து வந்து பழகுங்க."

"மாமா, எனக்குத் தாளமே வராது."

"தெரியும்."

"தப்பிப் போச்சுன்னா?"

"பாப்பேன்" என்றார் அப்பா.